கணுக்காலுக்கு மேலே நாலு விரல்

சிக்னலில் வண்டிகள் நிற்கும்போது என் பார்வை தானாகவே கீழே இறங்கிவிடுகிறது. தாரில் ஊன்றி நிற்கும் கால்கள். ஹவாய் செருப்பு, குதிகால் தேய்ந்த தோல் செருப்பு, வார் அறுந்து ஊக்கு குத்திய சாண்டல், அலுவலகக் கருப்பு ஷூ, சில நேரம் வெறுங்கால். ஹெல்மெட் போட்டுத் தாடைப் பட்டையையும் இறுக்கிக்கொண்ட அதே மனிதரின் பாதத்துக்கும் சாலைக்கும் நடுவே ஒரு விரல் பருமன்கூட இல்லாத ரப்பர். வாழ்நாள் முழுக்கப் பார்த்த காட்சிதான். அது உறுத்தத் தொடங்கியது, வண்டி ஓட்டுவதற்கென்று ஒரு ஜோடி தோல் பூட்ஸ் வாங்க ஆசைப்பட்ட பிறகு. ஆசை என்றுதான் சொல்லவேண்டும். முதலில் வந்தது பயமல்ல. எண்ணெய் ஊறிய பழுப்புத் தோல், கணுக்காலைச் சுற்றி விழும் மடிப்பு, பித்தளை பக்கிள், நடக்கும்போது தரையில் விழும் கனத்த ஓசை, இவைதான் முதலில் வந்தன. பாதுகாப்பு என்பதை அந்த ஆசைக்குத் துணையாகப் பிற்பாடு அழைத்துக்கொண்டேனா, அல்லது அந்த ஆசையே தன்னைக் காத்துக்கொள்ள நினைக்கும் உடம்பின் குரல்தானா என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். பிரிந்து வரவில்லை. கனமாகவும் அழகாகவும் இருப்பது நம்மைக் காக்கும் என்று கண் நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்விதான் இன்னும் என்னை விடவில்லை.

தலையைப் பற்றி யோசிக்க ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். 1935இல் ஆங்கில எழுத்தாளர் டி. இ. லாரன்ஸ் மோட்டார்சைக்கிளிலிருந்து விழுந்து, தலையில் பட்ட காயத்தால் நினைவு திரும்பாமலே இறந்தபோது, அவருக்குச் சிகிச்சை தந்தவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பு அறுவை மருத்துவர். அந்த மரணம் அவரை விடவில்லை. ராணுவத்தில் மோட்டார்சைக்கிள் ஓட்டியவர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஹெல்மெட் கட்டாயமாவதற்கான நீண்ட பாதையைத் திறந்துவைத்தது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தலைக்கவசத்தைப் பற்றியது. காலைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. காரணம் தெரியாமலில்லை. தலை போனால் ஆள் போய்விடுகிறார். கால் உடைந்தால் ஆள் இருக்கிறார். சற்றுச் சாய்ந்து நடக்கிறார், மாடிப்படியில் கைப்பிடியைத் தேடுகிறார், குளிர்நாளில் வலிக்கிறது என்கிறார். ‘கால்ல கம்பி வச்சிருக்கு’ என்று சொல்லும் ஒருவராவது இல்லாத சொந்தபந்தம் நம் ஊரில் அபூர்வம். நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களில் புத்தூர் கட்டு வைத்தியசாலைப் பலகைகளைப் பார்க்கும்போதெல்லாம், உயிர் பிழைத்தவர்களின் இந்தப் பெரிய கூட்டத்தைத்தான் நினைக்கிறேன். அவர்களுடைய வலி வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கணுக்காலுக்காக ஒரு கெய்ர்ன்ஸ் வருத்தப்பட்டிருந்தால் நம் சாலைகளில் கால்கள் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்துபார்ப்பேன்.

வண்டி சாயும்போது நடப்பதை மெதுவாக எண்ணிப் பார்த்தால் பூட்ஸ் பற்றிய பேச்சு வேறு இடத்துக்கு நகர்ந்துவிடும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350இன் எடை 195 கிலோ. வேகமாகப் போகக்கூட வேண்டாம், மணல் கிடக்கும் திருப்பத்தில் சக்கரம் வழுக்கினால் போதும். உடனே காலை நீட்டி வண்டியைத் தாங்கப் பார்க்கிறோம்; யாரும் சொல்லிக்கொடுக்காமல் வரும் பழக்கம் அது. அந்த எடை ஃபுட்ரெஸ்ட் வழியாகவும் எஞ்சின் ஓரம் வழியாகவும் பாதத்தின்மேல் இறங்குகிறது. பாதம் பக்கவாட்டில் மடிகிறது. கணுக்காலின் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு, மேலே தோலைத் தவிர வேறு காப்பில்லாத எலும்பு, சாலையில் உரசுகிறது. சைலன்சர் இருக்கும் பக்கம் சாய்ந்தால் சூடும் சேர்ந்துகொள்ளும். இவற்றுக்கு எதிராக ஒரு காலணியால் செய்ய முடிந்தவை கொஞ்சம்தான். கணுக்காலைப் பிடித்து மடியவிடாமல் வைக்கலாம். அடிப்பாகம் குறுக்குவாட்டில் நசுங்காமல் நிற்கலாம். உரசலுக்குச் சில நொடிகள் ஈடுகொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கழன்று போகாமல் காலோடு இருக்கலாம். மோட்டார்சைக்கிள் காலணிகளுக்கான ஈஎன் 13634 என்ற ஐரோப்பியத் தரம் சோதிப்பதும் பெரும்பாலும் இவற்றைத்தான்: மேல்பாகத்தின் உயரம், உரசலைத் தாங்கும் நேரம், கூரான வெட்டைத் தாங்கும் வலிமை, அடிப்பாகத்தின் குறுக்குவாட்டு விறைப்பு. 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்த நான்குக்கும் தனித்தனியே 1 அல்லது 2 என்று எண் கொடுக்கிறார்கள். பூட்ஸின் உள்ளே, நாக்குக்கு அடியில் எங்காவது தைத்திருக்கும் சிறு துணிப்பட்டையில் அந்த எண்கள் இருக்கும். கடையில் பூட்ஸைக் கையில் எடுப்பவர்கள் பார்க்கும் கடைசி இடம் அது. விபத்து நடந்த இடத்தைக் கடந்து போகிறவர்களுக்குத் தெரியும், ஆளை ஆம்புலன்ஸ் கொண்டுபோன பிறகும் செருப்பு சாலையில் கிடக்கும். பெரும்பாலும் ஒற்றைச் செருப்பு. காலைக் காக்கவேண்டிய கணத்துக்கு முன்பே அது காலை விட்டுப் போயிருக்கிறது.

கண் ஏன் கனமான பூட்ஸை நம்புகிறது என்பதற்கு வருகிறேன். அதன் அழகு என்று நாம் ரசிக்கும் எதுவும் அலங்காரமாகப் பிறந்ததில்லை. இன்ஜினியர் பூட்ஸ் என்று சொல்லப்படும் வகையை எடுத்துக்கொள்ளலாம். லேஸ் கிடையாது, காலை நேரே உள்ளே நுழைக்கும் நெடுங்குழல், புறங்காலின் மேல் ஒரு வார், உச்சியில் ஒரு வார், இரண்டிலும் பக்கிள். 1930களின் இறுதியில் அமெரிக்காவில் சிப்பெவா, வெஸ்கோ போன்ற காலணிக்காரர்கள் அதை உடலுழைப்புக்காரர்களுக்காகச் செய்தார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கப்பல் கட்டும் தளங்களில் வெல்டிங் வேலை செய்தவர்கள் அதை விரும்பி அணிந்தார்கள். பொறி தெறிக்கும் இடத்தில் லேஸ் இருந்தால் கருகும், பொறி சிக்கிக்கொள்ளும். லேஸ் இல்லாததால்தான் அந்த முன்பக்கம் அவ்வளவு வழவழப்பாக இருக்கிறது. போர் முடிந்ததும் மோட்டார்சைக்கிள் ஓட்டிய இளைஞர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 1953இல் வந்த ‘தி வைல்ட் ஒன்’ படத்தில் மார்லன் பிராண்டோவின் காலில் ஏறிய பிறகு அது உலகம் முழுவதற்கும் உரிய உருவமாகிவிட்டது. அடிப்பாகத்தின் கதையும் இப்படித்தான். பல பூட்ஸ்களின் கீழே மஞ்சள் முத்திரையோடு தெரியும் விப்ரம் ரப்பர் சோல், 1935இல் இத்தாலிய மலையொன்றில் ஆறு தோழர்கள் இறந்ததைக் கண்ட விட்டாலே பிரமானி என்ற மலையேறி யோசித்துச் செய்தது. ஆணி அடித்த தோல் அடிப்பாகம் பனியில் உதவாது என்று கண்டு, 1937இல் ஆழமான பற்கள் கொண்ட ரப்பர் சோலைக் கொண்டுவந்தார். அந்தப் பற்களைத்தான் இன்று ‘முரட்டு லுக்’ என்று விற்கிறார்கள். பூட்ஸைப் பார்த்ததும் கண் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது: முன்பு யாரோ பயந்ததும் யாரோ பிழைத்ததும் அதன் வடிவத்தில் தங்கியிருக்கின்றன.

சிக்கல் என்னவென்றால் வடிவத்தை மட்டும் தனியே உரித்தெடுக்க முடியும். பெரியமேட்டில் ஒரு கடையில் நான் கையில் எடுத்துப் பார்த்த ஜோடியில் எல்லாம் இருந்தன. இரண்டு பக்கிள், தடித்த குதிகால், முன்பக்கம் இரட்டைத் தையல். பக்கிளைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் வார் எதையும் இழுத்துப் பிடிக்கவில்லை, வெறுமே தைத்து வைத்திருந்தது. இரண்டு கைகளாலும் அடிப்பாகத்தைக் குறுக்கே அழுத்தியபோது வளைந்துகொடுத்தது. கணுக்கால் எலும்பு வரும் இடத்தில் பெருவிரலால் அழுத்தினேன். உள்ளே ஒரு மெத்தைகூட இல்லை, என் விரலின் உருவம் மறுபக்கம் தெரிந்தது. “பாய், இது வண்டி ஓட்ட ஆகுமா?” என்று கேட்டேன். “ஓட்டலாம் சார். ஆனா இது ரைடிங் பூட்ஸ் இல்ல, அந்த மாடல்ல செஞ்சது” என்றார். நேர்மையான பதில். அதைக் கேட்டும் அந்த ஜோடியை உடனே கீழே வைக்க மனம் வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவ்வளவு அழகாக இருந்தது. அடுத்த அலமாரியில் உண்மையான ரைடிங் பூட்ஸ் இருந்தன: பிளாஸ்டிக் கவசம், பளீரென்ற எழுத்துகள், முழங்கால்வரை ஏறும் உயரம். பந்தயத் தடத்துக்குப் பொருந்தும். அதைப் போட்டுக்கொண்டு பாங்கில் வரிசையில் நிற்பதையோ, துக்கம் விசாரிக்கப் போவதையோ என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தினமும் அணிய முடியாத பாதுகாப்பு அலமாரியில்தான் இருக்கும். ஆகவே தோற்றம் அற்பமான விஷயமல்ல என்ற முடிவுக்கு வந்தேன். ஒரு பொருளை மனம் விரும்பி அணிந்தால்தான் அது விழும் நாளில் காலில் இருக்கும்.

வசதியின் பக்கம் இதைவிடச் சிக்கலானது. நம் நாள் வாசல்களால் ஆனது. வீட்டு வாசல், கோயில் வாசல், சொந்தக்காரர் வீட்டு வாசல், சில மருத்துவமனைகளின் வாசல், பந்தி நடக்கும் மண்டபத்தின் வாசல். எல்லா இடத்திலும் காலணியைக் கழற்றுகிறோம், எல்லா இடத்திலும் திரும்பப் போட்டுக்கொள்கிறோம். எட்டு ஜோடிக் கண்ணும் மேலே கொக்கிகளும் வைத்த லேஸ் பூட்ஸ், காலையில் ஒருமுறை கட்டி இரவில் அவிழ்க்கும் ஊர்களில் உருவானது. அதை அணிந்து ஒரு அத்தை வீட்டுக்குப் போனால், அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு “வாப்பா, வாப்பா” என்று அழைத்தபடி நிற்க, நாம் குனிந்து முடிச்சோடு போராடிக்கொண்டிருப்போம். கைத்தடியோடு நிற்கும் பெரியவரைக் காக்கவைத்து லேஸ் அவிழ்ப்பதில் ஒரு மரியாதைக் குறைவு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. அதனால்தான் பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்த செல்சி பூட்ஸ் கண்ணை இழுக்கிறது. விக்டோரியா ராணியின் காலணிக்காரரான ஸ்பார்க்ஸ் ஹால் 1851இல் காப்புரிமை பெற்ற வடிவம். ஒரு இழுப்பில் கழன்றுவிடும். ஆனால் நமக்கு ஒரு இழுப்பில் கழல்வது சாலைக்கும் ஒரு இழுப்பில் கழலும். இந்த ஒன்றைத்தான் நான் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தும் தாண்ட முடியவில்லை. கையின் இழுப்புக்கும் தாரின் இழுப்புக்கும் வித்தியாசம் தெரிந்த தோல் கிடையாது. லேஸ் கட்டினால் கால் பத்திரம். ஆனால் தொங்கும் லேஸ் வளையம் கியர் லீவரிலோ ஃபுட்ரெஸ்டிலோ மாட்டிக்கொண்டால் சிக்னலில் காலை ஊன்ற முடியாமல் நின்ற இடத்திலேயே வண்டியோடு சாயவேண்டியதுதான். ஜிப் வைத்தால் வாசலில் சுலபம். ஆனால் உரசலில் ஜிப்பின் பற்கள் தோலைப் போல நிற்காது, மழைத்தண்ணீரும் அந்த வழியாகத்தான் உள்ளே இறங்கும்.

இந்தத் தர்க்கத்தில் ஒரு மேட்டிமை ஒட்டிக்கொள்வதையும் உணர்கிறேன். செருப்போடு வண்டி ஓட்டுபவர்கள் அறியாமையால் ஓட்டவில்லை. நம் வண்டிகளே செருப்புக் காலோடு இசைந்து வந்திருக்கின்றன. ஸ்ப்ளெண்டரின் கியர் லீவரைப் பாருங்கள், முன்னால் ஒரு மிதி, பின்னால் ஒரு மிதி. முன்விரலால் அழுத்தினால் கியர் ஏறும், குதிகாலால் அழுத்தினால் இறங்கும். பாதத்தின் மேல்புறத்தால் லீவரைத் தூக்கவேண்டிய அவசியமே இல்லை. ஒற்றை லீவர் வண்டியில் வெறும் புறங்காலால் நாள் முழுக்கத் தூக்கினால் பெருவிரல் கணுவில் தோல் கன்றிவிடும். ரைடிங் பூட்ஸில் இடது காலின் முனையில் கூடுதலாக ஒரு தோல்துண்டு தைத்திருப்பது அதற்காகத்தான். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் கியர் வலது பக்கம். அந்தக் காலத்து ஓட்டுநர்களின் வலது ஷூவில்தான் அந்தத் தழும்பு இருந்திருக்கும். வெயில், வியர்வை, வாசல், சம்பளம் எல்லாவற்றுக்கும் பொருந்தி வந்த ஒரு வாழ்முறை இது. சித்திரை மாதத்து மதியத்தில் இரண்டரை மில்லிமீட்டர் தோலுக்குள் காலை மூடிக்கொள்ளச் சொல்வது எளிதல்ல. அதை வெறும் சோம்பல் என்று ஒதுக்கிவிட்டுப் பேசும் பாதுகாப்பு உபதேசங்கள் எனக்கு எரிச்சலூட்டுகின்றன.

செருப்பையே வசதி என்று பேசும்போது இன்னொன்றையும் நினைக்காமல் இருக்க முடிவதில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள்மீது விதிக்கப்பட்ட எட்டுத் தடைகளை மானிடவியலாளர் ஜே. எச். ஹட்டன் இந்தியச் சாதிகள் பற்றிய தன் நூலில் பதிவுசெய்திருக்கிறார். எட்டாவது தடை: ஆண்கள் வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது. அதற்குப் பிறகும் பல ஊர்களில் ஆதிக்கச் சாதித் தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்கள் உண்டு. தோலை உரித்தவர்களும் பதப்படுத்தியவர்களும் தைத்தவர்களும் அந்தத் தோலைக் காலில் அணியத் தடுக்கப்பட்டார்கள். ஆகவே கணுக்காலுக்கு மேலே ஏறும் தோல், நிமிர்ந்து நடக்கும் உரிமையின் அடையாளமாகவும் நம் மண்ணில் இருந்திருக்கிறது. அந்த வரலாறு தெரிந்த ஒருவர் தன் முதல் சம்பளத்தில் கனமான பூட்ஸ் வாங்கி ஓசையெழ நடந்தால், அதை வெறும் ஸ்டைல் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தோலைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கனம் இருக்கிறது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறிப் பதமாகும் தோலுக்கு ஒரு தனி மணம் உண்டு, வயதாக ஆக நிறம் ஆழமாகும். குரோமிய உப்பில் பதமாகும் தோல் மிக விரைவில் தயாராகிவிடும், மென்மையாக இருக்கும், நனைந்த நிலையில் 100 டிகிரி செல்சியஸ் அளவு சூட்டைச் சுருங்காமல் தாங்கும். பட்டைத்தோல் 70, 80 டிகிரியிலேயே சுருங்கத் தொடங்கும். மழையில் நனைந்த காலோடு சைலன்சருக்குப் பக்கத்தில் இருக்கப்போகிறவருக்குக் குரோம் தோல்தான் பொருந்தும் என்று அறிவு சொல்கிறது. அந்தக் குரோமியம் பாலாற்றுக்கு என்ன செய்தது என்பது வேலூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்ற கொள்கையை இந்த ஆற்றை முன்வைத்துத்தான் உறுதிசெய்தது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 10 பேர் தோல் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். என் இரண்டு கணுக்கால்களைக் காக்கும் தோலின் பின்னால் இதுவும் இருக்கிறது. இதனால் வாங்காமல் இருப்பதா? ஆம்பூர் ஆலைப் பேருந்துகளில் விடியலில் ஏறிப் போகும் பெண்களின் பிழைப்பு அந்தத் தையலில்தான் இருக்கிறது. எனக்குக் கிடைத்த அரைகுறை விடை, அடிக்கடி வாங்கவேண்டியிராத ஒன்றை வாங்குவது. அடிப்பாகத்தைப் பசையால் ஒட்டியதை விட்டு, வெல்ட் என்ற தோல்பட்டை வைத்துத் தைத்ததைத் தேடுவது. ஒட்டியதைப் பேஸ்டிங் என்பார்கள். வாய் பிளந்தால் மறுபடி ஒட்டலாம், நெடுநாள் நிற்காது. தைத்ததில் சோல் தேய்ந்தால் பிரித்துப் புதிது தைக்கலாம், மேல்தோல் நம்மோடு பல ஆண்டுகள் வரும்.

எனவே கடைசியில் என் மனம் நின்ற இடம் இது. கணுக்கால் எலும்புக்கு மேலே குறைந்தது நாலு விரல் உயரம். அதற்குக் கீழே எந்த அழகுக்கும் எந்த வசதிக்கும் இறங்குவதில்லை. முன்பக்கம் லேஸ், ஒருமுறை காலின் அளவுக்கு இறுக்கிக் கட்டிவிட்டால் பிறகு தொடவேண்டாம், முடிச்சின் மிச்சத்தை உள்ளே செருகிவிடலாம். உட்பக்கம், வண்டியை ஒட்டி இருக்கும் பக்கம், ஜிப். சாலையில் உரசுவதற்கு வாய்ப்புக் குறைந்த பக்கம் அதுதான். ஜிப்பின் உச்சியில் ஒரு வாரும் அமுக்குப் பொத்தானும் இருந்தால் ஜிப் விட்டுப்போனாலும் பூட்ஸ் காலை விடாது. எங்கள் தெருமுனையில் தைக்கும் அண்ணனிடம் கேட்டபோது, “ஜிப்பு போனா பயப்படாதீங்க, பாதி நேரம் ரன்னர் மாத்துனா போதும். ஆனா பிளாஸ்டிக் பல்லு வேணாம், பித்தளையா பாத்து வாங்குங்க” என்றார். எந்த விளம்பரமும் சொல்லாத விஷயம். முதல் சில வாரங்கள் குதிகாலில் கடிக்கும். தடித்த பருத்தி சாக்ஸ் போட்டு, வீட்டுக்குள் நடந்து பழக்கவேண்டும். ஐப்பசி மழையில் நனைந்தால் வெயிலில் வைக்காமல், உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்தவேண்டும். இல்லாவிட்டால் கார்த்திகைக்குள் பூஞ்சை பூத்துவிடும்.

ஆனால் இந்த ஏற்பாடு முழுக்க ஓட்டுகிறவரின் காலுக்கானது. என் வண்டியின் பின்னால் மனைவி உட்காருகிறாள், புடவை கட்டும் நாட்களில் ஒரு பக்கமாக. அப்போது அவளுடைய இரண்டு பாதங்களும் இடது பக்கத்தில், ஒரு மெல்லிய வார்ச் செருப்பில், என் பூட்ஸிலிருந்து ஒரு முழத்தில் இருக்கின்றன. பெரியமேட்டில் கேட்டேன், பெண்களுக்கான அளவில் ரைடிங் பூட்ஸ் அங்கே இல்லை. ஃபேஷன் பூட்ஸ்தான் இருந்தது, உயரமான குதிகாலோடு. தைக்கும் அண்ணன் மட்டும் யோசித்தார். “லாஸ்ட் கட்டை, அதான் கால் அச்சு, கிடைச்சா அடிச்சுத் தரலாம் சார், அக்காவோட கால் அளவ ஒரு பேப்பர்ல வரைஞ்சு கொண்டாங்க” என்றார். வரைந்து கொடுத்திருக்கிறோம். இப்போது எங்களுக்குள் பேச்சு ஜிப் எந்தப் பக்கம் என்பதைப் பற்றி. ஒருபக்கமாக உட்காருபவருக்கு இரண்டு பாதங்களின் முன்புறமும் வெளியே பார்த்திருக்கிறது. வண்டியை ஒட்டி இருப்பது பின்புறம். அப்படியானால் ஜிப் குதிகாலுக்கு மேலே, பின்னால் வரவேண்டும் என்கிறாள் அவள். பின்னால் ஜிப் வைத்தால் கணுக்காலின் பிடிப்பு தளருமே என்கிறார் அண்ணன்.